‘காலனி’ என்ற சொல்லில் என்ன குற்றம்? சொற்களின் அகராதிப் பொருளும் உணர்வுச் சாயலும்

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்பது அறிவிப்பு. அந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டது என்பது காரணம்.

சென்னையில் வளரும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தச் செய்தி குழப்பத்தைத் தருவதில் வியப்பில்லை. மயிலாப்பூரில் சி.ஐ.டி. காலனி இருக்கிறது, வசதியானவர்கள் வசிக்கும் இடம். பெரம்பூர் பக்கம் போனால் ஐ.சி.எஃப். காலனி. புறநகரில் பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி என்று தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகைகள். அறிவியல் பாடத்தில் எறும்புக்கும் பாக்டீரியாவுக்கும்கூடக் காலனி உண்டு. இதில் வசை எங்கிருந்து வந்தது?

நியாயமான கேள்வி இது. ‘அதெல்லாம் அரசியல், உனக்குப் புரியாது’ என்று தள்ளிவிடக் கூடாத கேள்வியும்கூட. ஒரு சொல் எப்படிப் பொருள் தருகிறது என்பதிலிருந்து தொடங்கினால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் தெளிவாக விளங்கவைக்க முடியும்.

இரண்டு அடுக்குகள்

ஒரு சொல் எந்தப் பொருளை, செயலை, பண்பைச் சுட்டுகிறதோ, அது அதன் அகராதிப் பொருள். நேர்பொருள் என்றும் சொல்லலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கூடவே எழும் மதிப்பு, பரிவு, ஏளனம், அச்சம், வெறுப்பு ஆகியவை அதன் உணர்வுச் சாயல். பணத்தை அளந்து செலவழிப்பவரைச் ‘சிக்கனமானவர்’ என்றும் சொல்லலாம், ‘கஞ்சர்’ என்றும் சொல்லலாம். இரண்டு சொல்லும் சுட்டும் நடத்தை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பேசுபவர் அவரை மதிக்கிறாரா, இளக்காரமாகப் பார்க்கிறாரா என்பது அந்த ஒரு சொல்லிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. விடாமுயற்சியும் பிடிவாதமும், துணிச்சலும் திமிரும், ஒல்லியும் நோஞ்சானும் இதே வகை.

தமிழ் இலக்கணம் இதை மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறது. ‘தெரிபு வேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும் இருபாற்று என்ப பொருண்மை நிலையே’ என்கிறது தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம். பொருள் வெளிப்படையாகத் தெரிந்து நிற்கும். அல்லது குறிப்பால் தோன்றும். தொல்காப்பியர் சொல்லும் குறிப்பு பரந்தது. வாய்விட்டுச் சொல்லாமல் உணர்த்தும் எல்லாவற்றையும் அது தழுவும். உணர்வுச் சாயலை அதன் ஒரு பகுதியாகக் கொள்ளலாம்.

நன்னூல் இன்னும் நெருங்கி வருகிறது. சுடுகாட்டை ‘நன்காடு’ என்பது மங்கலம். மலம் கழித்து வந்ததைக் ‘கால் கழுவி வந்தேன்’ என்பது இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போல. மூன்றையும் தகுதி வழக்கு என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். எடுத்துக்காட்டோடு மனப்பாடம் செய்யவைத்து, இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டு முடித்துவிடுகிறோம். ‘ஏன் அப்படி மாற்றிச் சொன்னார்கள்?’ என்ற கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. உணர்வுச் சாயலைக் கற்பிக்க ஆயத்தமாக இருக்கும் பாடம் அது. வீணாகப் போவது வருத்தமாக இருக்கிறது.

இறப்பைச் சொல்லும் சொற்கள்

‘ஒரே பொருள் தரும் சொற்கள்’ என்று பட்டியல் போட்டுப் படிக்கும் பிள்ளைகள், அவற்றை எந்த இடத்திலும் மாற்றிப் போடலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். இதைச் சோதிக்க விடுப்பு விண்ணப்பம் நல்ல இடம். ‘என் பாட்டி செத்துவிட்டதால் மூன்று நாள் விடுப்பு வேண்டும்’ என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஆனாலும் ஆசிரியரின் சிவப்பு மை அந்தச் சொல்லின் மேல்தான் விழும்.

1. செத்தார். நாயும் சாகும், செடியும் சாகும். உயிர் போனது என்ற செய்தியை மட்டும் வெறுமையாகச் சொல்லும் சொல் இது. அதனால் மனிதருக்கு எழுத்தில் வரும்போது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. ஆனால் பெற்ற தாய் மார்பில் அறைந்துகொண்டு ‘என் பிள்ளை செத்தானே’ என்று கதறும்போது அதே சொல்லில் மரியாதைக் குறைவு துளியும் இல்லை. வேறு எந்தச் சொல்லும் அந்தத் துயரத்தைத் தாங்காது.

2. இறந்தார். இன்று நடுநிலையான சொல். பழந்தமிழில் இறத்தல் என்றால் கடந்து செல்லுதல். சாவை நேரடியாகச் சொல்லாமல் ‘கடந்தார்’ என்று மென்மையாகச் சொல்லப் போய், பயன்பட்டுப் பயன்பட்டு அந்த மென்மை தேய்ந்து, இப்போது அதுவே வெளிப்படைச் சொல்லாகிவிட்டது.

3. காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார். மதிப்போடு சொல்பவை. நாளிதழின் இரங்கல் செய்தியிலும் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் இவற்றைக் காணலாம்.

4. உயிரிழந்தார். விபத்து, நோய், வன்முறை ஆகியவற்றோடு சேர்ந்து வரும். இழப்பு என்ற எண்ணத்தை உள்ளே வைத்திருக்கும் சொல்.

5. வீரமரணம் அடைந்தார். இதில் தீர்ப்பே அடங்கியிருக்கிறது. யாருக்கு இந்தச் சொல்லைத் தருவது என்பதில் இரண்டு தரப்பு என்றும் ஒத்துப்போவதில்லை.

6. பலி. தெய்வத்துக்குக் கொடுக்கும் காணிக்கை என்பது இதன் மூலப் பொருள். ‘லாரி மோதி 3 பேர் பலி’ என்று தலைப்பில் போடுவதற்குக் காரணம் இரண்டே எழுத்தில் அடங்கிவிடும் வசதிதான். தெருவில் அடிபட்டுப் போன மனிதர் யாருக்கும் காணிக்கையாகப் போகவில்லை. அவசரமாகச் செய்தி படிக்கும் பிள்ளை, மனித இழப்பை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கப் பழகுவதில் இந்தச் சொல்லுக்கும் பங்கு இருக்கிறது.

சாயல் எப்படி ஒட்டுகிறது?

பிறக்கும்போதே கெட்ட சொல், நல்ல சொல் என்று எதுவும் பிறப்பதில்லை. புழங்கும் விதத்தில்தான் சாயல் ஏறுகிறது. முக்கியமான வழிகள் நான்கு.

1. கூட வரும் சொற்கள். ‘கும்பல்’ என்பதும் ‘திரள்’ என்பதும் ஆட்கள் கூடியிருப்பதைச் சொல்பவைதான். ஆனால் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவைப் பற்றி எழுதும் செய்தியாளர் ‘பக்தர்கள் திரளாக வந்தனர்’ என்பார். ‘கும்பலாக வந்தனர்’ என்று எழுதமாட்டார். கொள்ளைக் கும்பல், கடத்தல் கும்பல் என்றே படித்துப் பழகியதால், அந்தச் சொல் தனியே நின்றாலும் குற்றத்தின் நிழல் அதன்மேல் விழுகிறது.

2. யார், யாரிடம். நண்பன் ‘வாடா’ என்றால் அன்பு. முன்பின் தெரியாதவர் ‘வாடா’ என்றால் அவமதிப்பு. செருப்பும் காலணியும் ஒன்றுதான். அடிப்பேன் என்று மிரட்டுபவர் கையில் எடுப்பது எப்போதும் செருப்பு. பள்ளிச் சுற்றறிக்கையிலும் அரசுத் திட்டத்திலும் வருவது காலணி. (காலணியில் மூன்று சுழி ‘ண’, காலனியில் இரண்டு சுழி ‘ன’. தேர்விலும் பெயர்ப்பலகையிலும் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது.)

3. காலம். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்ற குறளில் நாற்றம் என்பது மலராத மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணம். இன்று கூவத்தின் கரையில்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். இதை இழிபொருட்பேறு என்பார்கள். தலைகீழாகவும் நடக்கும்: ஒருகாலத்தில் கள்ளுண்டு மயங்குவதைக் குறித்த களிப்பு, இன்று யாரும் கூசாமல் சொல்லும் மகிழ்ச்சியாகிவிட்டது. இது உயர்பொருட்பேறு.

4. பட்ட அனுபவம். ‘கடல்’ என்றால் விடுமுறையில் மெரினாவுக்கு வந்த குடும்பத்துக்குக் காற்றும் சுண்டலும். 2004 டிசம்பர் 26 காலையைப் பட்டினப்பாக்கத்திலோ சீனிவாசபுரத்திலோ கண்டவர்களுக்கு அது வேறு சொல்.

நான்காவதில் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது, அதனால் கத்திரிக்காய் என்பது கெட்ட சாயல் உள்ள சொல்லா?’ என்று கேட்பார்கள். தனி ஒருவரின் விருப்பு வெறுப்பு அவரோடு நிற்கும். ஒரு தெருவோ ஊரோ சமூகமோ சேர்ந்து பட்ட அனுபவம் அந்தக் கூட்டத்துக்குள் சொல்லின் சாயலாக மாறும். மொழி பேசும் பெரும்பாலோர் ஒரே மாதிரி உணரும்போது அகராதியே ‘இழிவாக’ என்று குறிப்புப் போடத் தொடங்கும். இந்த மூன்று வட்டங்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் காலனிச் சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும்.

சேரியும் காலனியும்

முதலில் சேரி. குறுந்தொகையின் 231ஆவது பாடலில் தலைவி தன் தோழியிடம் முறையிடுகிறாள்: ‘ஓரூர் வாழினும் சேரி வாரார்.’ அவர் இதே ஊரில்தான் இருக்கிறார், ஆனால் நம் தெருப் பக்கம் வருவதில்லை என்கிறாள். மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். புதுச்சேரி, வேளச்சேரி, செம்மஞ்சேரி ஆகிய ஊர்ப்பெயர்களில் அந்தப் பழைய பொருள் அப்படியே உறைந்திருக்கிறது. வேளச்சேரியில் வீடு வாங்குபவர் அதன் பெயரில் ‘சேரி’ இருக்கிறது என்று ஒரு நொடியும் நினைப்பதில்லை.

அதே சேரி தனியே நின்றால்? ஒடுக்கப்பட்ட மக்களை ஊருக்கு வெளியே ஒதுக்கி, அந்த ஒதுக்கிடத்துக்கு மட்டும் அந்தப் பெயரை வைத்து, நூற்றாண்டுகளாக இளக்காரத்தோடு சொல்லிவந்த வரலாறு மொத்தமும் அந்த இரண்டெழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சென்னைப் பள்ளிகளிலும்கூட இந்தச் சொல் சண்டையில் வசையாக விழுகிறது. மீனவர் குடியிருப்பைச் சுட்டும் ‘குப்பம்’ என்ற சொல்லுக்கும் நகரத்தில் இதே கதிதான். நொச்சிக்குப்பத்துப் பிள்ளைக்கு அது தன் ஊர்ப்பெயர். அவனைக் ‘குப்பத்துப் பையன்’ என்று வெளியாள் சொல்லும்போது அது குத்துகிறது.

இப்போது காலனி. லத்தீன் மொழியில் குடியேற்றத்தைக் குறித்த ‘கொலோனியா’ என்பதிலிருந்து வந்த சொல். ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயர் வந்ததும் அதிலிருந்துதான். ஆங்கிலேயர் காலத்தில் ஆட்சிக்கு உட்பட்ட நாட்டையும் குறித்தது, திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பையும் குறித்தது. சென்னையின் காலனிகள் இரண்டாவது வகை: ரயில்வே ஊழியருக்கு, வங்கி ஊழியருக்கு, ஆசிரியருக்கு என்று மனை பிரித்துக் கட்டியவை.

தமிழகத்தின் கிராமங்களில் அந்தச் சொல் வேறு பாதையில் போனது. ஆதிதிராவிட மக்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த வீட்டு வரிசைகள் காலனி என்ற பெயரில் பதிவாகின. அவை அமைந்ததும் பெரும்பாலும் பழைய ஒதுக்கிடத்தின் பக்கத்திலேயே. பெயர் புதிது, பிரிவினை பழையது. ‘ஊர்’ ஒருபக்கம், ‘காலனி’ மறுபக்கம் என்று பேச்சு அமைந்துவிட்டது. ‘நீ ஊரா, காலனியா?’ என்று ஒருவர் கேட்கும்போது அவர் முகவரி கேட்கவில்லை. சாதியின் பெயரை உச்சரிக்காமலேயே சாதியைக் கேட்கிறார். கேட்கப்பட்டவருக்கு அது உடனே புரியும். பக்கத்தில் நிற்கும் சென்னைக்காரருக்குப் புரியாமல் போகலாம்.

சென்னைப் பிள்ளையின் குழப்பத்துக்கு விடை இதுதான். மயிலாப்பூர்க் காலனியிலும் கிராமத்துக் காலனியிலும் அகராதிப் பொருள் ஒன்றே: குடியிருப்பு. சாயலை ஏற்றியது சொல்லின் பிறப்பு கிடையாது. யார் யாரை நோக்கி எந்தத் தொனியில் சொன்னார்கள் என்ற நீண்ட பழக்கம். ‘எனக்கு அப்படித் தோன்றவில்லையே’ என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல் அவர்மேல் எறியப்பட்டதில்லை என்றுதான் பொருள்.

பெயரை மாற்றினால் சாயல் போகுமா?

இந்த முயற்சிக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது, அதுவும் சென்னையிலேயே. 1922இல் சென்னை மாகாணச் சட்டசபையில் எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, ‘பஞ்சமர்’ உள்ளிட்ட சொற்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை அரசு ஏற்றது. அந்தப் பெயரைக் கேட்டது அந்த மக்களின் பிரதிநிதியே.

‘ஹரிஜன்’ என்ற சொல்லுக்கு நேர்ந்தது வேறு. கடவுளின் மக்கள் என்று பொருள். அகராதியில் அதைவிட உயர்ந்த பொருள் கிடைப்பது அரிது. காந்தி அதைப் பரப்பினார், 1933இல் அதே பெயரில் இதழும் தொடங்கினார். ஆனால் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பரிவு காட்டுவதாக நினைத்து மேலிருந்து கொடுத்த பெயர், உரிமை கேட்டவர்களுக்கு உவப்பாக இல்லை. 1982இல் மத்திய அரசு அலுவல் வழக்கில் அந்தச் சொல்லைத் தவிர்க்க அறிவுறுத்தியது. நேர்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும், பெயர் சூட்டப்படுபவர் ஏற்காவிட்டால் சாயல் கசந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை.

வெற்றிபெற்ற மாற்றங்களும் உண்டு. ‘திருநங்கை’ அவற்றுள் முதன்மையானது. கேலிச் சொற்கள் மட்டுமே புழங்கிய இடத்தில், ‘திரு’ என்ற மதிப்போடு ஒரு சொல் வந்தது. 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாட்டில் அவர்களுக்கு நல வாரியம் அமைந்தது. சொல்லும் வாரியமும் அடையாள அட்டையும் சேர்ந்து வந்ததால் சொல் வேர்பிடித்தது. ‘ஊனமுற்றோர்’ என்பது போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்ததும் அப்படியே: இல்லாததைச் சுட்டிய இடத்தில் இருப்பதைச் சுட்டும் சொல். பஸ்ஸிலோ பள்ளியிலோ சாய்தளம் இல்லாவிட்டால் அந்தச் சொல்லால் படி ஏற முடியாது என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1970இல் தொடங்கிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. நல்ல மாற்றம்தான். ஆனால் குடிசைப் பகுதி மக்களைக் குடியமர்த்த வாரியம் சென்னைப் புறநகரில் கட்டிய கண்ணகி நகரின் பெயரில் குடிசையும் இல்லை, சேரியும் இல்லை. சிலப்பதிகாரத்தின் நாயகி பெயர். அப்படியிருந்தும் வேலை கேட்டுப் போகும் இளைஞர்கள் அந்த முகவரியைச் சொல்லத் தயங்கும் நிலை வந்தது. புதிய சொல்லின் மேல் பழைய அழுக்கு படிய அதிக காலம் ஆவதில்லை. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகாவை ஊரே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று கொண்டாடியபோது அதே பெயரில் பெருமிதம் ஒலித்தது. பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

தலைப்பில் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

அடையாற்றங்கரையில் வீடுகள் அகற்றப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று ஒரு தலைப்பு. ‘ஏழைகளின் வீடுகள் இடிப்பு’ என்று இன்னொன்று. ‘கரையோரக் குடும்பங்கள் மறுகுடியமர்வு’ என்று மற்றொன்று. பொய் எதிலும் இல்லாமல் இருக்கலாம். முதல் தலைப்பைப் படித்தவர் அங்கே குற்றம் செய்தவர்களைப் பார்க்கிறார், இரண்டாவதில் பாதிக்கப்பட்டவர்களைப் பார்க்கிறார், மூன்றாவதில் திட்டத்தின் பயனாளிகளைப் பார்க்கிறார்.

அரசும் இந்தக் கலையை நன்கு அறியும். பாடநூலின் முதல் பக்கங்களைப் புரட்டினால் ‘விலையில்லாப் பாடநூல் வழங்கும் திட்டம்’ என்று இருக்கும். ‘இலவசம்’ என்றால் தானம் வாங்கும் உணர்வு வருகிறது. ‘விலையில்லா’ என்றால் கை தாழவில்லை. பிள்ளைகளைப் பொறுத்தவரை இது நல்ல தேர்வு.

வகுப்பிலும் வீட்டிலும் எப்படிச் சொல்லித்தருவது

1. சொற்பட்டியலை ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். கேட்டார், விசாரித்தார், துருவினார், குடைந்தார்: மதிப்பிலிருந்து எரிச்சல் வரை. வரிசையில் கருத்து வேறுபாடு வரும். அந்த விவாதம்தான் பாடம்.

2. ஒரே நாளின் இரண்டு நாளிதழ்களில் ஒரே செய்தியின் தலைப்புகளை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். சாயல் ஏறிய சொல்லை அடிக்கோடிட்டு, நடுநிலையான சொல்லைப் பக்கத்தில் எழுதட்டும். நடுநிலைச் சொல் கிடைக்காத இடங்களும் வரும், அதையும் எழுதட்டும்.

3. புதிய சொல்லைக் கற்பிக்கும்போது பொருளோடு நிறுத்தாமல் மூன்றைக் கேளுங்கள்: இதை யார் சொல்வார்கள்? யாரைப் பற்றி? அவர் முன்னால் நின்றால் இதே சொல்லைச் சொல்வார்களா? மூன்றாவது கேள்வி ஒன்றே பாதிச் சொற்களைத் தரம் பிரித்துவிடும்.

4. மென்மையான சொல் எப்போதும் நல்ல சொல் என்று கற்பிக்காதீர்கள். ‘தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்’ என்று பாடநூலில் அச்சிட்டிருக்கிறது. அந்த வாக்கியம் கடுமையாகத்தான் இருக்க வேண்டும். ‘தவிர்க்க வேண்டிய பழக்கம்’ என்று மென்மையாக்கினால் அது பொய்யாகிவிடும்.

5. காலனி, சேரி, குப்பம் ஆகியவற்றைப் பேசும் நாளில், அந்த முகவரியிலிருந்து வரும் பிள்ளையை எழுப்பி ‘நீ சொல், உனக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்காதீர்கள். முப்பது பேர் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் சொல்லின் சாயல் இன்னும் ஒரு படி கறுக்கும். விளக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. அந்தப் பிள்ளை தானாகக் கை தூக்கினால் பேசட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.